ஆறுமணி ஐயாவின் வருகைப் பதிவேடு

"அன்னைக்கு ஆறு மணிக்கு அவர் எங்க இருந்தார்னு எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

"கத்தாத. ஜன்னல் திறந்திருக்கு."

"திறந்தே இருக்கட்டும். நூத்திரண்டு டிகிரி காய்ச்சல்ல, மூக்குல குழாயோட, என் கண்ணு முன்னால கிடந்த மனுஷன்… உங்க கூட்டத்துக்கு எப்படி வந்தார்? பறந்து வந்தாரா?"

கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எதிர்வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர், காலையில் தண்ணீர் ஊற்றிய அதே செடிகளுக்கு மறுபடியும் ஊற்ற வந்து நின்றார். கல்லூரிப் பதிவாளர் வீட்டில் இருபத்தாறு வருஷமாகச் சண்டைச் சத்தமே வெளியே வந்ததில்லை. தெருவும் பொறுமையாகத்தான் காத்திருந்தது.

கரண்ட் வருகிற வரைக்கும் சொல்லலாம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்… இதில் எதுவும் நடுராத்திரியில் நடக்கவில்லை. எல்லாம் மாலை ஆறு மணிக்கு. சுவரில் கடைசி வெயில் இருக்கும்போதே. அதுதான் இதில் இருக்கிற தொல்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு தப்பிக்க முடியாது.

சொன்னது நம் தையல்காரம்மா. சண்டை போட்ட நர்ஸம்மாவின் கூடப்பிறந்த தங்கை. பொய் சொல்ல வராது அவளுக்கு. அளவெடுக்கும்போது இடுப்புச் சுற்றளவை உரக்கச் சொல்லியே பாதி வாடிக்கையை இழந்தவள்.

கதை அந்தப் பெரியவரிடமிருந்து ஆரம்பிக்கிறது. ஆறுமணி ஐயா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

இளவயதில் அவர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். வேலை முடிந்து, கையில் மையோடு, படிக்க வேண்டும் என்று ஒரு கல்லூரி வாசலுக்குப் போனாராம். மணி ஆறு. "காலேஜ் மூடியாச்சு, வேலைக்குப் போறவங்களுக்கு இங்க என்ன வேலை" என்று காவலாளி கேட்டாராம். அவர் பதில் சொல்லவில்லை. இருபது வருஷம் கழித்து, ஆறு மணிக்குத் திறக்கிற ஒரு கல்லூரியை ஆரம்பித்தார். அதுதான் பதில்.

இடம், பழைய ஐஸ் பாக்டரி. மூடிக் கிடந்ததை யாரோ சும்மா கொடுத்தார்கள். எத்தனை தடவை கழுவினாலும் அந்தத் தரையிலிருந்து ஒரு வாசனை போகாது. ஐஸ் கட்டிகளை மூடிவைக்கிற மரத்தூள் நனைந்து, நாள்பட்டுப் போன வாசனை. கோடையிலும் காலுக்கடியில் சில்லென்று இருக்கும். மணி கிடையாது. ஐஸ் கட்டி தூக்குகிற இரும்பு இடுக்கியால் ஒரு தகட்டில் பெரியவரே ஒரு தட்டு தட்டுவார். ணங்… அந்தச் சத்தம் பல்லில் போய் உட்காரும்.

முதல் வருஷம் பதினொரு பேர். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எண்ணும் தொழிலும்தான். "ஒண்ணு, லிஃப்ட் ஆபரேட்டர்." "ரெண்டு, கண்டக்டர்." "ஏழு, நர்ஸ்." உழைத்துவிட்டுப் படிக்க வருகிறவர்கள் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. பதினொன்று முடிந்ததும் தன்னையே கூப்பிட்டுக்கொள்வார். "பூஜ்யம், ப்ரூஃப் ரீடர்." பிறகு அவரே, "உள்ளேன்." வகுப்பு சிரிக்கும். அவரும் சிரிப்பார். அதன் பிறகுதான் பாடம்.

வராதவருக்குக் கட்டத்தில் குறுக்குக் கோடு போட மாட்டார். காலியாக விட்டுவிட்டு மறுநாள் விசாரித்து, ஊதாப் பென்சிலால் பொடி எழுத்தில் காரணத்தை எழுதுவார். 'குழந்தைக்குக் காய்ச்சல்.' 'ஓவர்டைம்.' 'செருப்பு அறுந்தது.' எந்தக் காரணம் சொன்னாலும் நம்புவார். நம்பாதது ஒன்றுதான். ஒருவருக்காக இன்னொருவர் 'உள்ளேன்' சொல்வது. காலேஜ் என்று ஒன்று இருந்தால் அந்தப் பழக்கமும் இருக்கும், தெரியும்தானே. அப்படிச் சொன்னவரை எழுப்பி, வெளியே அனுப்பி, வராதவரைத் தேடிக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார். "வந்தவங்க மட்டும்தான் வந்தேன்னு சொல்லணும். ஒருத்தர் வாயில இன்னொருத்தர் குடியிருக்கக் கூடாது."

அந்த ஒண்ணு, லிஃப்ட் ஆபரேட்டர்தான் பிறகு பதிவாளர் ஆனவர். மேலே போவதில் அப்போதே அனுபவம் இருந்தது. அந்த ஏழு, நர்ஸ்தான் அவருடைய மனைவி. ஒரே பெஞ்சின் இரண்டு முனைகள். கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் ஆறுமணி ஐயாதான். எங்கே கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் மணி எழுதுவது அவர் வழக்கம். அவர்கள் பதிவுச் சான்றிலும் இருக்கிறது. 'மாலை 6.00.' அந்த நேரத்துக்குத்தான் வருவேன் என்று அலுவலகத்தை அரைமணி கூடுதலாகத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தாராம்.

வருஷங்கள் போயின. பகல் கல்லூரி வந்தது, கண்ணாடி வைத்த கட்டடங்கள் வந்தன. ஐஸ் பாக்டரி பின்னால் தள்ளிப்போய், அங்கே மாலை வகுப்பு மட்டும் நடந்தது. நிர்வாகக் குழுவுக்கு அந்த இடம் கண்ணை உறுத்தியது. இன்னொரு கண்ணாடிக் கட்டடம் அங்கே நிற்பது போல அவர்களுக்குக் கனவே வந்தது. ஆனால் பெரியவர் ஆரம்பத்திலேயே ஒரு விதி எழுதி வைத்திருந்தார். மாலை வகுப்பை மூடுவதானால் அவர் கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். வருகை எடுக்கும்போது தன் வாயால் 'உள்ளேன்' சொல்ல வேண்டும். பிறகு தன் வாயால் 'சரி' சொல்ல வேண்டும். கல்லூரியின் எல்லாக் கூட்டமும் வகுப்பைப் போல வருகை எடுத்துத்தான் ஆரம்பிக்கும். எடுப்பவர் பதிவாளர்.

எண்பது வயதில் பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. நர்ஸம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். அவளுக்குப் பிற்பகல் ட்யூட்டி. இரண்டிலிருந்து ஒன்பது. அவரைக் கவனிக்கும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் கல்லூரிப் பலகையில் ஒரு தாள். மாலை வகுப்பு இந்த வாரத்தோடு மூடப்படுகிறது. நிறுவனரே முந்தைய நாள் கூட்டத்தில் கலந்துகொண்டு எடுத்த முடிவு.

ஊரில் கண்டக்டர்களும் வெல்டர்களும் கடைச் சிப்பந்திகளும் அதைப் படித்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. வேறு யார் செய்திருந்தாலும் சத்தம் போட்டிருப்பார்கள். இது அவர் செய்தது. பார்க்க வருவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். பதினொரு பேரில் உயிரோடு இருந்தவர்கள்கூட.

நர்ஸம்மாவும் அந்தத் தாளைப் படித்தாள். வேலைக்கு வந்ததும் கட்டிலருகே நின்று கேட்டாள். "ஏன்யா இப்படிப் பண்ணீங்க?"

"நான் என்னம்மா பண்ணேன்?"

நடிக்கிறார் என்று நினைத்தாள். முந்தைய நாள் ஆறு மணிக்கு அவர் இங்கேதானே இருந்தார் என்று ஏன் தோன்றவில்லை… அதைத்தான் பின்னால் அவள் ஆயிரம் தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். கூட்டம் எத்தனை மணிக்கு என்று தாளில் இல்லை. காலையில் தான் இல்லாதபோது சக்கர நாற்காலியில் கூட்டிப் போயிருப்பார்களோ, போனிலேயே சொல்லியிருப்பாரோ… கோபம் வந்துவிட்டால் புத்திசாலிக்கும் கணக்கு வராது. வீட்டில் புருஷனைக் கேட்டாள். "அவரே முடிவு பண்ணிட்டாரு, நான் என்ன செய்ய" என்று அவர் சட்டையை மாட்டியில் தொங்கவிட்டார். அதோடு சரி.

அதற்குப் பிறகு எட்டு நாள் அவள் பெரியவரோடு பேசவில்லை. காய்ச்சல் பார்ப்பாள். மாத்திரை கொடுப்பாள். போர்வையைச் சரி செய்வாள். வாயைத் திறந்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான்.

தினமும் ஆறு மணிக்கு அவர் கண் விழிப்பார். கதவைப் பார்ப்பார். "யாராவது வந்தாங்களா?"

"இல்ல."

"ஓவர்டைமா இருக்கும்" என்பார். காரணத்தையும் அவரே எழுதிக்கொள்வது போல.

எட்டாவது நாள் ஆறு மணிக்கு அவர் யாரையும் கேட்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு மெல்லிய குரலில் வருகை எடுக்க ஆரம்பித்தார். "ஒண்ணு… லிஃப்ட் ஆபரேட்டர்." நிறுத்தினார். காத்திருந்தார். "ரெண்டு… கண்டக்டர்." காத்திருந்தார். "ஏழு… நர்ஸ்."

அவள் இரண்டடி தூரத்தில் நின்று தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு மற்ற எண்கள். கடைசியில், "பூஜ்யம்…"

அவ்வளவுதான். அதற்கு 'உள்ளேன்' வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து, பதிவாளர் வீட்டில் ஆரம்பித்தது.

சாயங்காலம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். காலை ட்யூட்டிக்கு மாறிவிட்ட நர்ஸம்மா சமையலறையில். ஒரு வாசனை… நனைந்த மரத்தூள். அவள் மூக்கைச் சுளித்துத் தரையைப் பார்த்தாள். தரை காய்ந்துதான் இருந்தது. அப்போது கூடத்தில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம். பதிவாளர் விறைப்பாக எழுந்து நின்று, சுவரைப் பார்த்து, "உள்ளேன்" என்றார். உட்கார்ந்தார். பேப்பரைத் திருப்பினார்.

"என்ன சொன்னீங்க?"

"நானா? ஒண்ணும் சொல்லலயே."

மறுநாளும் ஆறு மணி. அதற்கு மறுநாளும். சலூனில் பாதிச் சவரத்தில் எழுந்து நின்று கன்னத்தை அறுத்துக்கொண்டார். காய்கறிக் கடையில் எடை போடும்போது சொன்னார். கடைக்காரர் அது புதுவகையான பேரம் என்று நினைத்து விலையைக் குறைத்தார். தெருவில் சிரித்தோம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது. 'உள்ளேன் சார்' என்று பெயரும் வைத்தாயிற்று.

அப்போது நிறுவனர் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. 'வாழ்வும் பணியும்' என்று பெரியவரைப் பற்றி ஒரு மலர். எழுதுபவர் பதிவாளர். அவர்தான் முதல் மாணவர், அவரை விட்டால் யார். அந்த விழாவிலேயே அவரைக் கல்லூரிச் செயலாளராக அறிவிக்கப் போவதாகவும் பேச்சு. குறிப்பெடுக்கக் கூட்டங்களின் மினிட்ஸ் நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். "அதுக்குள்ள ஒரு போட்டோ வச்சிருக்கேன், எடுத்துக் குடு" என்று குளியலறையிலிருந்து சொன்னார். தானே சொல்லித் தன் மனைவியை அந்த நோட்டைத் திறக்க வைத்தார், பாருங்கள்.

போட்டோ இருந்த பக்கத்தில் அந்தக் கூட்டம் இருந்தது. தேதி. நேரம், மாலை 6.00. வருகை: பூஜ்யம், நிறுவனர், உள்ளேன். முடிவு: நிறுவனர் 'சரி' என்றார்.

எல்லாம் அவள் புருஷன் கையெழுத்து.

அவள் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், பழைய தாள்கள் வைக்கிற அறையிலிருந்து பெரியவரின் காய்ச்சல் சார்ட்டைத் தேடி எடுத்தாள். அதே தேதி. மாலை ஆறு. நூற்றிரண்டு. பக்கத்தில் அவளுடைய சுருக்கக் கையெழுத்து.

அதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன சண்டை.

"யாரு உள்ளேன் சொன்னது? அதை மட்டும் சொல்லுங்க."

"அஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. ஒருத்தரும் ஆட்சேபிக்கல."

"யாரு சொன்னது?"

பக்கத்து வீட்டுச் செடிகள் மூழ்கிக்கொண்டிருந்தன.

"ஒரு வார்த்தைதானே" என்றார் பதிவாளர். "ஃபார்மாலிட்டி. அவரு எப்படியும் பொழைக்கப் போறதில்ல."

கூட்டம் நடந்த அறையில் பதிவாளர் பூஜ்யம் என்று கூப்பிட்டு, அவரே உள்ளேன் என்றபோது, மேஜையில் முக்கியமான எறும்பு ஏதோ ஊர்வது போல ஐந்து பேரும் மேஜையையே பார்த்தார்களாம். பின்னால் அந்த ஐவரில் ஒருவர் சொன்னது.

"அவரு எட்டு நாள் கதவைப் பாத்துக்கிட்டே கிடந்தாருங்க" என்றாள் நர்ஸம்மா. இப்போது குரலே எழவில்லை. அதனால் தெருவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. தங்கை சொல்லித்தான் தெரியும். "நான்கூட அவருக்குப் பதில் சொல்லல. உங்களை நம்பி. மேடையில ஏறி உண்மையைச் சொல்லுங்க. இல்லன்னா இந்த வீட்ல நான் இல்ல."

"சொன்னா எனக்கு என்ன மிஞ்சும்?"

அவள் காய்ச்சல் சார்ட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் மாலை அவள் மினிட்ஸ் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஐஸ் பாக்டரிக்குப் போனாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டினால் அரை மைல் பாதை. இரண்டு பக்கமும் கால் உடைந்த பெஞ்சுகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். விளக்கு கிடையாது. ஆள் கிடையாது. பின்னால் செருப்புச் சத்தம்… திரும்பினாள். பதிவாளர். நோட்டைத் திரும்ப வாங்க ஓடி வருகிறார். மூச்சு வாங்குகிறது.

அவள் நிற்கவில்லை. கதவில் பூட்டுத் தொங்கியது. கையை வைத்ததும் பூட்டோடு சேர்ந்தே கதவு உள்ளே போனது.

உள்ளே பெஞ்சுகள் வரிசையாக இருந்தன. தூசி இல்லை. தரை ஈரம். செருப்பைத் தாண்டி, பாதத்தைத் தாண்டி, எலும்பு வரைக்கும் குளிர் ஏறியது. மூச்சு விட்டால் புகை தெரிந்தது. வெளியே வெயில் இருக்கிறது, உள்ளே புகை…

அவள் ஏழாம் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கால்கள் தாமாகப் போயின. பதிவாளர் வாசலைத் தாண்டி இரண்டடி வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

ணங்…

இடுக்கி ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தகடு மட்டும் அதிர்ந்தது.

"ஒண்ணு… லிஃப்ட் ஆபரேட்டர்."

எங்கிருந்து என்று சொல்ல முடியாத குரல். கோபமே இல்லையாம். வழக்கமான குரல். பதிவாளர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"ரெண்டு… கண்டக்டர்." பதில் இல்லை. "மூணு…" இல்லை.

"நாலு… வெல்டர்."

"உள்ளேன் ஐயா."

அவளுக்கு முன் பெஞ்சிலிருந்து வந்தது. கைக்கு எட்டுகிற தூரம். அங்கே யாரும் இல்லை. நாலு போய் ஐந்து வருஷம் ஆகிறது. இறுதி ஊர்வலத்துக்கு அவளே போயிருந்தாள். ஆறுக்கும் அப்படியே பதில் வந்தது, இடது கைப்பக்கம். ஆறு போன வருஷம் போனவர்.

"ஏழு… நர்ஸ்."

அவளுக்குப் பல் கிட்டியிருந்தது. பிரித்துத் திறந்தாள். "உள்ளேன் ஐயா" என்றாள். "இருக்கேன்யா. அன்னைக்கும் இருந்தேன்."

காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம். எட்டு. ஒன்பது. பத்துக்குப் பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. பத்தாம் எண்காரர் உயிரோடு இருக்கிறார் என்றே அவள் அதுவரை நினைத்திருந்தாள். பதினொன்று.

"பூஜ்யம்…"

அவள் திரும்பிப் பார்த்தாள். பதிவாளர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். விரல் நகங்கள் கன்னத்தில் பதிந்திருந்தன. அந்த விரல்களின் இடுக்கு வழியாக வந்தது, தெளிவாக, நிதானமாக, எண்பது வயதுச் சளி கட்டிய குரலில்…

"உள்ளேன்."

குளிர் போய்விட்டது. பெஞ்சுகளில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி இருந்தது. ஆசிரியர் மேஜையில் முதல் வருஷத்துப் பதிவேடு விரித்திருந்தது. அன்றைய தேதி. எல்லாக் கட்டத்திலும் ஊதாப் பென்சில். முதல் கட்டத்தில் மட்டும் எதுவும் இல்லை. நோட்டை அங்கே வைத்துவிட்டு, பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவள் வந்துவிட்டாள்.

அன்று ஆறு மணிக்கு, ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திடீரென்று நிமிர்ந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றாராம். பஸ் நிறைய ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். ஏன் சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அழுகை வந்ததாம். நர்ஸம்மா இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் சார்ட்டோடு போய் அவர் முன் நின்றபோதுதான் அவருக்கு உண்மை தெரிந்தது. "பாவி, ஒரு ஆரஞ்சுப்பழம்கூட வாங்கிட்டுப் போய்ப் பாக்கலயேம்மா" என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

நிறுவனர் நாள். பதிவாளர் கெட்டிக்காரர். நிகழ்ச்சி நிரலை அவரே போட்டார். தன் உரை ஐந்து மணிக்கு, ஐந்தரைக்கு முடியும், ஆறு மணிக்குக் காரில். சிறப்பு விருந்தினர் முக்கால் மணி தாமதமாக வந்தார். சிறப்பு விருந்தினர்கள் எதற்காக இருக்கிறார்கள்.

உரை ஆறு மணிக்குச் சற்று முன்தான் ஆரம்பித்தது. முன் வரிசையில் நர்ஸம்மாவும் அவர்கள் மகளும். கடைசி வரிசையில் கண்டக்டரும், பதினொரு பேரில் மிஞ்சிய இன்னும் மூன்று பேரும். சொல்லப் போகிறாரா இல்லையா… அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மலரின் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அவளை ஒருதரம் பார்த்தார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு படித்தார். "மாலை வகுப்புகளை மூடுவது என்ற தொலைநோக்கு முடிவை நம் நிறுவனர் தாமே கூட்டத்துக்கு வந்து…"

ணங்…

மைக் என்று நினைத்து ஒலிபெருக்கிக்காரர் வயரை ஆட்டினார்.

பதிவாளர் நிமிர்ந்தார். மண்டபத்தின் கதவைப் பார்த்தார். "யாராவது வந்தாங்களா?" என்றார்.

சிலர் சிரித்தார்கள். குரல் ஏன் மாறியது என்று முன் வரிசை ஒருவரை ஒருவர் பார்த்தது.

"யாராவது வந்தாங்களா?"

பின்னால் கண்டக்டர் எழுந்தார். "வந்திருக்கேன்யா. ரெண்டு." பிறகு மற்ற மூவரும் ஒவ்வொருவராக. நர்ஸம்மாவால் எழ முடியவில்லை. மேடையில் அந்த வாய் கேட்டுக்கொண்டே இருந்தது. கைத்தாங்கலாக இறக்கி, காரில் ஏற்றி, கதவைச் சாத்தும் வரைக்கும்.

பதிவாளருக்கு வேலைப்பளு என்று அறிவித்தார்கள். செயலாளர் பதவி மேஜையைப் பார்த்த ஐந்து பேரில் ஒருவருக்குப் போனது. நர்ஸம்மா சார்ட்டை எடுத்துக்கொண்டு போய் நிர்வாகக் குழுவிடம் காட்டினாள். "ஆஸ்பத்திரித் தாள்தானே மேடம், இதுல என்ன இருக்கு" என்றார்கள். ஐஸ் பாக்டரியை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடம். அதன் தரைத்தளத்தில் மட்டும் கண்ணாடி எப்போதும் உள்பக்கம் வேர்த்திருக்கிறதாம். ஏசிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ஏசியே ஓடவில்லையே என்று போய்விட்டார்கள்.

மகள் கல்யாணம் வரைக்கும் என்று நர்ஸம்மா அந்த வீட்டில் இருந்தாள். அடுத்த வருஷம் அது ஆனது. மாப்பிள்ளை கண்டக்டரின் இரண்டாவது பையன், கட்டட வரைபடம் போடுகிறவன். பதிவு அலுவலகத்தில் காலை பதினொரு மணிக்கு. பெண்ணின் தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பதிவாளர் போட்டார். அங்கிருந்த குமாஸ்தா தாளைத் திருப்பிப் பார்த்து, "மணி பதினொண்ணுதான் ஆகுது சார், ஆறுன்னு எழுதிருக்கீங்க" என்றார். நர்ஸம்மா எட்டிப் பார்த்தாள். மணியை விடுங்கள். கையெழுத்து… இருபத்தேழு வருஷத்துக்கு முன் அவள் கல்யாணத் தாளில் சாட்சி இடத்தில் இருந்த அதே கையெழுத்து. அவருக்குத் தன் கையெழுத்தே வருவதில்லை. வங்கியில் வருவதில்லை, தபால்காரரிடம் வருவதில்லை.

மகளும் மாப்பிள்ளையும் தூரதேசம் போய்விட்டார்கள். நர்ஸம்மா வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள். ஒரு பெட்டி, ஒரு பை. வேண்டுமென்றே மதியம் வரச் சொன்ன ஆட்டோ சாயங்காலம் வந்தது. வாசல் கேட்டை அவள் சாத்தும்போது சுவரில் கடைசி வெயில். ஜன்னலில் அவர் நின்றிருந்தார்.

"யாராவது வந்தாங்களா?"

வார்டில் எட்டு நாள் 'இல்ல' என்று சொன்னவள். பையைக் கீழே வைத்தாள். "வந்திருக்கேன்யா" என்றாள். "ஏழு."

பிறகு அதே வாயிலிருந்து, ஆனால் ரொம்பக் கீழே, லிஃப்ட் போகிற பள்ளத்தின் அடியிலிருந்து கூப்பிடுவது போல, இருபத்தாறு வருஷம் அவள் கேட்ட இன்னொரு குரல்.

"நானும் இங்கதான் இருக்கேன்… ஒண்ணு. என்னையும் கூப்பிடச் சொல்லேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். தையல்காரம்மா பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். அவள் கையைப் பாருங்கள், சொல்லும்போது இன்றைக்கும் மயிர் குத்திட்டு நிற்கும்.

நர்ஸம்மா இப்போது அந்த ஊரில் ஒரு ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். பதிவேடு அலமாரியில் இருக்கிறது. பக்கங்கள் தீர்ந்தபாடில்லையாம். தினமும் ஆறு மணிக்குப் பிறகு திறந்து பார்த்தால் ஊதாப் பென்சில். ரெண்டு வராத நாளில் 'மூட்டு வலி.' ஒன்பது வராத நாளில் 'பேரனுக்குப் பரீட்சை.' விசாரித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. செருப்பு அறுந்ததைக்கூடக் காரணமாக எழுதிக்கொள்கிற மனுஷன்… முதல் கட்டத்துக்கு மட்டும் இதுவரை ஒன்றும் எழுதவில்லை.